தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

அந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆறு என்பார் அவருடைய கணவர். முப்பதாவது இருக்கும் என்பார் கடைக்காரர். "நேத்து வரைக்குமா, இன்னைக்கும் சேத்தா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்பாள் மோர் விற்கிறவள். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை சர்க்கார் சார்பில் கேட்டு, பதிலை எழுதிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்திருந்தது.

தேவிபட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேற்கே உவர்மண்ணும் முள் அடர்ந்த உடை மரங்களுமாக இருக்கிற பாதையில் நடந்தால் வரும் ஊர் அது. நான் அங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சொந்த ஊர் திருவாடானை. கல்யாணம் ஆகாத பெண் தனியாக இருக்க யாரும் வீடு கொடுக்கமாட்டார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அந்த அம்மாள் தன் வீட்டின் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். பெட்டியை இறக்கி வைப்பதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"கூடப் பொறந்தவுக எத்தனை பேரு?"

"நாலு பேர்."

"பொறந்தது நாலா, தங்குனது நாலா?"

பொறந்தது ஆறு என்றேன். போன இரண்டும் எந்த வயசில் போயின, ஆணா பெண்ணா, காய்ச்சலா வயிற்றுப்போக்கா, எங்கள் அம்மா குளத்துத் தண்ணீர் குடித்தாரா கிணற்றுத் தண்ணீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எரிச்சலாக வந்தது. பிறகுதான் தெரிந்தது, வளையல்காரர், பஸ் கண்டக்டர், கோயிலுக்குப் போகிற வழியில் தண்ணீர் கேட்டு நின்ற வடநாட்டுக்காரர் யாருமே அந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை என்று. வடநாட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் விரல்களை விரித்தும் மடக்கியும் காட்டிக் கேட்டிருக்கிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்தில் பெற்ற பிள்ளை எல்லாம் பிழைத்த தாய் என்று விரல் விட்டு எண்ணினால்கூட ஒரு கை நிறையாது. இந்த அம்மாள் ஆறு பெற்றார், ஆறும் இருந்தன. ஊர் அதைக் கைராசி என்றது. அவருக்கு அந்த வார்த்தை போதவில்லை. "ஆறு பெத்தேன், ஆறும் நிக்குது. எதுக்கு நிக்குதுன்னு மட்டும் தெரியலையே டீச்சர்" என்று கீரை ஆய்ந்துகொண்டே சொல்வார். அதைப் பெருமையாகச் சொல்லமாட்டார். சந்தையில் எடை சரியாக இருந்தும் சந்தேகம் தீராதவர் முகம் மாதிரி இருக்கும்.

ஒருமுறை ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊர் முழுக்க ஊருணித் தண்ணீரைக் குடிக்கிறது, மாடும் அதில்தான் இறங்குகிறது, இந்த வீட்டில் மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது, அதுதான் காரணம் என்று அழகாக விளக்கினார். நான் கூட ஒப்புக்கொண்டு தலையாட்டினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதே கெணத்துத் தண்ணியத்தான் எதுத்த வீட்டுல என் கொழுந்தன் பொண்டாட்டியும் குடிச்சா. அவளுக்கு மூணு போச்சே?" என்றார். இன்ஸ்பெக்டர் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

கைராசி என்று பெயர் வாங்கியதால் அவருக்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததாக ஒன்று பிறந்தால், தீட்டுக் கழிந்த அன்று குழந்தையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் ஒரு பழந்துணியில் போடுவார்கள். அந்த அம்மாள் தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவர் போல முறத்தில் ஒரு படி தவிட்டோடு வருவார். "இது யாரு பெத்த புள்ளை, இங்கன கெடக்கு?" என்று கேட்பார். "யாருதோ தெரியல. வேணும்னா தவிட்டுக்கு எடுத்துக்கங்க" என்று பெற்றவளே சொல்ல வேண்டும். தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். அப்புறம் பெற்றவள் மடியிலேயே அதைப் போட்டு, "என் புள்ளையப் பால் குடுத்து வளத்துத் தா, கூலி தாரேன்" என்பார். எமன் வந்து பார்த்தால் அந்த வீட்டில் அவளுக்குப் பிள்ளை இருக்காது. இருப்பது தவிட்டுக்குப் போன யாரோ ஒன்று. பெயரும் தவிட்டான், குப்பை, பிச்சை என்றுதான் இருக்கும். காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ முன்னால் அதே ஒரு படி தவிட்டையும் ஒரு கருப்பட்டியையும் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். அதுவரை "என் பிள்ளை" என்று பெற்றவள் வாயால் சொல்லக் கூடாது.

எல்லா ஊரிலும் இது அரை நாள் சடங்கு. குப்பைமேட்டிலிருந்து வீடு திரும்பினால் முடிந்தது. இந்த அம்மாள் விஷயத்தில்தான் முடியாது. வாங்கினால் வாங்கியதுதான். கூலி என்று சொன்னார் அல்லவா, அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு தாய்க்கும் பால் கூலி என்று நெல் அளப்பார். தீபாவளிக்கு அத்தனை பிள்ளைக்கும் துணி. தன் பிள்ளை தன் வீட்டுத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். அதனால் விடிந்ததும் கிணற்றடியில் குடத்தோடு தாய்மார் வரிசை நிற்கும். யாராவது சோம்பல்பட்டு ஊருணித் தண்ணீரைக் கொடுத்தது தெரிந்தால் தீர்ந்தது. வீட்டுக்கே போய், "உன் கொடத்தை ஒடச்சிருவேன்டி" என்று கத்திவிட்டு வருவார். பிள்ளைகள் அவரைத் தவிட்டாத்தா என்று கூப்பிடும். ஆத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அம்மா.

பள்ளிக்கூடத்துக்கும் வருவார். பதினைந்து பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒன்பது பேருக்குத் தாய் தானே என்று நின்றால் ஆசிரியை என்ன செய்வாள்? "எம் புள்ளைக்கு வாய்ப்பாடு வருதா?" என்பார். எந்தப் பிள்ளை அம்மா என்று கேட்டால் முறைப்பார்.

உண்மையைச் சொன்னால், சில சமயம் எனக்கு அவரைப் பிடிக்காமலும் போனது. பிள்ளையை ஒரு அடி அடித்த தாயிடம், "உன் புள்ளையா இருந்தா அடி, என் புள்ளை மேல கை வைக்காதே" என்று நடுத்தெருவில் வைத்து ஏசினார். அந்தப் பெண் முகம் வாடிப் போனதைப் பார்த்தேன். பெற்றவள் அவள். மீட்க வருகிறவர்களையும் லேசில் விடமாட்டார். தவிட்டை விரலால் துழாவிப் பார்த்து, "நான் குடுத்தது உமி இல்லாத தவிடு. இதுல பாதி உமி. மாத்திக் கொண்டா" என்று இரண்டு தடவையாவது திருப்பி அனுப்புவார். விளையாட்டு என்று நினைத்தேன். அப்படி ஒரு பிள்ளை மீட்கப்பட்டுப் போன இரவு அவர் சாப்பிடாமல் படுத்தபோதுதான் விளையாட்டு இல்லை என்று புரிந்தது.

ஜனத்தொகைக் கணக்குக்கு வருகிறேன்.

ஆசிரியர்கள் எல்லாரையும் அதில் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த ஊரே வந்தது. வீடு வீடாகப் போய் ஆள், வயசு, உறவு, படிப்பு, தொழில் கேட்க வேண்டும். வயசு கேட்டால் யாரும் வருஷம் சொல்லமாட்டார்கள். "பாம்பன் பாலத்துல மொத ரயிலு போனப்ப நான் இடுப்புக் கொழந்தை" என்பார்கள், நாம் கூட்டிக் கழித்து எழுத வேண்டும். அது பரவாயில்லை. காளியம்மாள் வீட்டில்தான் சிக்கினேன்.

காளியம்மாள் அந்த அம்மாளுடைய வயலில் வேலை செய்கிறவள். என் வயசுதான் இருக்கும். அவள் குடிசை வாசலில் உட்கார்ந்து, புருஷன் பேர் எழுதி, அவள் பேர் எழுதி, பிள்ளைகள் என்று கேட்டேன்.

"புள்ளை இல்லைங்க டீச்சர்."

அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு என் ஒன்றாம் வகுப்புத் தவிட்டான் நின்றான். அன்று காலையில்தான் அவனுக்கு 'ட' எழுதப் பழக்கியிருந்தேன். அவள் மூக்கும் அவன் மூக்கும் அச்சாக ஒன்று.

"இது யாரு?"

"அவுக புள்ளை. என்கிட்ட வளருது."

"காளி, இது சர்க்கார் கணக்கு. பொய் எழுதக் கூடாது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேனாவைப் பிடுங்கிவிடுவாளோ என்று நினைத்தேன். "நாலு போயிருச்சு டீச்சர். ஒண்ணு நடந்துச்சு. ஒண்ணு என்னைய ஆத்தான்னு கூடச் சொல்லிருச்சு. இவன் ஒருத்தன்தான் நிக்கிறான். காயிதத்துல மகன்னு எழுதிட்டா, அது எங்கெங்க போகுமோ, யாரு யாரு படிப்பாகளோ?" என்றாள். யார் படித்துவிடுவார் என்று அவள் பயந்தாள் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. டெல்லிக்குப் போகிற காகிதம் எமலோகத்துக்குப் போகாது என்று சொல்ல வாய் எடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துப் பேனாவை மூடிக்கொண்டேன்.

அன்று பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுத்த ஒவ்வொரு தாயும் இதையே சொன்னாள். பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள் உள்ள ஊரில் வீட்டில் பிள்ளையே இல்லை.

அந்த அம்மாள் வீட்டில் நேர் எதிர். எனக்காகவே காத்திருந்தவர் போலப் பாய் விரித்து, வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லத் தொடங்கினார். பெற்ற ஆறில் இரண்டு பெண்கள் கட்டிக்கொடுத்துப் போனவர்கள். கடைசி மகன் பட்டாளத்தில் இருந்தான். இங்கே வசிக்காதவர்களை இங்கே எழுத முடியாது என்றேன்.

"ஏன், அவன் தட்டு இங்கதானே இருக்கு?"

"பட்டாளத்துல இருக்கிறவங்களை அங்கயே எழுதிருவாங்கம்மா."

"அங்க எழுதுறவுகளுக்கு அவன் யாரு புள்ளைன்னு எப்படித் தெரியும்? நீங்களும் எழுதி வைங்க. ரெண்டு எடத்துல இருந்தா கெட்டுப் போயிருமா?" என்றார். பிறகு தவிட்டுப் பிள்ளைகளுக்கு வந்தார். ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டு. அதில் நாலு பேருக்கு ஒரே வயசு. எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் திடீரென்று, "செத்ததை எழுத மாட்டீகளோ?" என்று கேட்டார்.

"உயிரோட இருக்கிறவங்களை மட்டும்தாம்மா."

"அப்ப காளிக்குப் பொறந்த நாலும் எந்தக் கணக்குல போச்சு?" என்றார். தாளைப் புரட்டிப் பார்த்தேன், அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மேற்பார்வை அதிகாரியிடம் போய்க் கேட்டேன். ராமநாதபுரத்துக்காரர், எப்போதும் அவசரம். ஒரே பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் நாலு பிள்ளையா என்று வாய்விட்டுச் சிரித்தார். யார் எங்கே உண்டு உறங்குகிறார்களோ அங்கே எழுது, உறவை உன் இஷ்டப்படி எழுது என்று அனுப்பிவிட்டார். தவிட்டானைக் காளியம்மாள் வீட்டில் எழுதினேன். உறவு, வளர்ப்புப் பிள்ளை. காளியம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் கும்பிட்டாள்.

அந்தக் கோடையில் கடைசி மகன் காங்கோவுக்குப் போனான். சண்டையை நிறுத்துவதற்காக நம் பட்டாளத்தை அனுப்பியிருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கிற தேசம் என்று பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் காட்டினேன். அந்த அம்மாள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல வயித்துல இருக்கு" என்றார். அவன் கடிதங்களை நான்தான் படிப்பேன், பதிலையும் நான்தான் எழுதுவேன். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதெல்லாம் ஒரு வரிதான். அப்புறம் அவருடைய வழக்கமான விசாரணை. அங்கன பொம்பளைக எத்தனை பெறுறாக? எத்தனை தங்குது? என்ன தண்ணி குடிக்கிறாக?

பிள்ளையும் தாயைப் போலத்தான் போல. பொறுமையாக விசாரித்து எழுதுவான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் குழந்தைகள்தான், லாரி நின்றால் எங்கிருந்தோ ஒரு கூட்டம் ஓடி வருகிறது, கிழவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்று எழுதினான். பெறுவது நிறைய, நம் ஊர் மாதிரியே போவதும் நிறைய என்றான். முகாமில் துணி துவைக்க வருகிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தான். அவளுக்கு மூன்று பிள்ளை போய்விட்டதாம். நாலாவது பிள்ளையை ஏதோ ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அர்த்தம் கேட்டதற்குப் பக்கத்தில் கிடந்த குப்பையைக் கையால் காட்டினாள் என்றான்.

அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து தெருவுக்கே போய்விட்டார். "அங்கனயும் எமனை ஏமாத்துறாளுகடி! அங்கனயும் குப்பைதானாம்!" என்று கிணற்றடியில் நின்ற பெண்களிடம் சொன்னார். காளியம்மாள், "எம்புட்டுத் தூரத்துல?" என்று கேட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் என்று இவர் கையை நீட்டினார், எல்லாரும் கிழக்கே கடல் இருக்கிற பக்கம் பார்த்தார்கள். உலகப் படத்தின்படி மேற்கே பார்க்க வேண்டும். நான் திருத்தவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே நெல்லை விடக் கிழங்குதான் அதிகம் என்று மகன் முன்பே எழுதியிருந்தான். நெல் இல்லாவிட்டால் தவிடு ஏது? "அப்ப அவளுக எதுக்குப் புள்ளைய விக்கிறாளுக? கெழங்குத் தோலுக்கா? கேட்டு எழுதச் சொல்லுங்க டீச்சர்" என்றார். எழுதினேன். தினமும் தபால்காரரைப் பார்க்க ஆரம்பித்தார். வயலுக்குப் போகும்போதும் அதே பேச்சு. சாம்பலுக்கு விற்பார்களா, உப்புக்கு விற்பார்களா என்று காளியம்மாளோடு பந்தயம் கட்டாத குறை.

தபால்காரர் ஒரு மத்தியானம் வந்தார். தந்தி. இங்கிலீஷில் இருந்தது. வாசலில் நின்றே படித்தேன். அந்த அம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, "என்னவாம்? கெழங்குத் தோலுதானாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தச் சிரிப்புக்கு எதிரில் நின்று அந்தச் சேதியைச் சொன்னது நான். அதைப் போல ஒரு வேலையை யாருக்கும் கடவுள் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் என்று பிறகு வந்த கடிதத்தில் இருந்தது. உடம்பு வரவில்லை. தகரப் பெட்டி ஒன்று வந்தது. அதை அவர் திறக்கவில்லை.

கருமாதி முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். மோர் விற்கிறவள்தான் முதலில் வந்தாள். மடியில் தவிடு, கையில் கருப்பட்டி. அவள் மகளுக்குக் காதுகுத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை, அது தவழ்கிற பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டே நீட்டினாள். அந்த அம்மாள் தவிட்டைத் துழாவிப் பார்க்கவில்லை. வாங்கிப் பானையில் கொட்டிவிட்டு, "கூட்டிட்டுப் போ" என்றார். மறுநாள் இன்னும் நாலு பேர். அப்புறம் வரிசையாக வந்தார்கள். கைராசி போய்விட்டது, சாவு அந்த வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது, அது அந்த வீட்டுப் பிள்ளை யார் யார் என்று தேடி வரும் என்று ஊர் பயந்துவிட்டது.

எனக்கு அப்போது அவர்கள் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனாலும் நான் பெற்றவள் இல்லை. பெற்றிருந்தால் நானும் மடியில் தவிட்டோடு போயிருப்பேனோ என்னவோ.

பானை நிறைந்து, அதற்குமேல் சாக்கில் கட்டினார்கள். தவிட்டில் வண்டு விழுந்தது. மாட்டுக்காவது போடலாமே என்றார் கணவர். "புள்ளைக வெலை அது. மாட்டுக்கா போடுறது?" என்றார். கிணற்றடியில் வரிசை இல்லாமல் போயிற்று. அவரும் யாரிடமும் எத்தனை பெற்றாய், எத்தனை தங்கியது என்று கேட்பதை நிறுத்திவிட்டார். புதிதாக வந்த தபால்காரரிடம்கூடக் கேட்கவில்லை. தெருவில் குழந்தைகள் வந்தால் ஒதுங்கி நடந்தார். எப்போதும் யாராவது ஒரு பிள்ளையின் தலையில் இருக்கிற அந்தக் கையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். ஊர் சொன்னதை அவரும் நம்பிவிட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாங்கியதை வாங்கியது என்று நம்புகிறவர், போனதைப் போனது என்றும் முழுசாக நம்பினார்.

தவிட்டானை மட்டும் யாரும் மீட்க வரவில்லை. காளியம்மாள் மட்டும் விடியற்காலையில் தனியாகக் குடத்தோடு வந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள். நிறை வயிறு. அவளிடம் கேட்டேன்.

"அவுக புள்ளைய அவுகளே போன்னு சொல்லாம நான் எப்படிக் கேக்கிறது டீச்சர்?" என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. திருப்புல்லாணிப் பக்கம் பிள்ளைகள் எல்லாம் தங்கிய ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் தவிட்டுக்குக் கொடுப்போம், வண்டி பேசியாயிற்று என்றாள் காளியம்மாளின் மாமியார். தீட்டுக் கழிந்த அன்று காலையில் வண்டி வந்து நின்றது. காளியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் தாண்டி நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் குப்பைமேடு. மணி அடிக்கப் போன நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பழந்துணியை விரித்து அதில் குழந்தையைப் போட்டாள். அந்த அம்மாள் வீட்டுப் பக்கம் பார்த்து நின்றாள்.

மாமியார் ஏசினாள். தெருவே கூடிவிட்டது. நான் ஓடிப்போய் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வேணாம்னு சொல்லுங்க டீச்சர். இந்தக் கையால தொட வேணாம். பச்சைப் புள்ளை."

போய்ச் சொன்னேன். காளியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தே பேசினாள், தெருவுக்கே கேட்டது.

"எனக்கு நாலு போச்சு. அப்ப இந்த ஊரே என்னைய ராசியில்லாதவன்னு ஒதுக்குச்சு. நீங்க ஒதுக்கலையே. உங்களுக்கு ஒண்ணுதானே போச்சு, நான் ஒதுங்குவேனா? உங்க புள்ளை வெயில்ல கெடக்கு. வந்து எடுங்க!"

குழந்தை அழ ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டு அழுகை. காளியம்மாளின் ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்துவிட்டது, ஆனாலும் குனியவில்லை. எனக்கே போய்த் தூக்கிவிடலாமா என்று கை பரபரத்தது.

கதவு திறந்தது. முறத்தோடு வந்தார். காற்றில் தவிடு பறந்து அவர் முகத்திலும் தலையிலும் ஒட்டியது. குப்பைமேட்டுக்கு வந்து நின்றும் அவருக்குக் குரல் எழும்பவில்லை. எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். காளியம்மாள் மெதுவாக, "கேளுங்க ஆத்தா" என்றாள்.

"இது யாரு பெத்த புள்ளை... இங்கன கெடக்கு?"

"யாருதோ தெரியல. தவிட்டுக்கு எடுத்துக்கங்க."

தூக்கினார். தூக்கியவர் உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. தவிடு ஒட்டிய கையைக் குழந்தையின் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காளியம்மாளைப் பார்த்து, "ஏடி, புள்ளை இந்தக் கத்துக் கத்துது, கல்லு மாதிரி நிக்கிறியே! கூலி வாங்கத் தெரியும்ல, பால் குடுக்கத் தெரியாதா?" என்று ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார். வெகு நாளைக்குப் பிறகு அவராகவே வந்தார்.

"டீச்சர், அந்தக் கணக்கு எழுதுறவுக மறுபடி எப்ப வருவாக?"

"அது பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதாம்மா. இன்னும் நாள் இருக்கு."

"வரட்டும். நீங்க இல்லாட்டி வாரவுகளுக்குச் சொல்லிட்டுப் போங்க. எனக்கு எட்டுப் புள்ளைகன்னு விட்டுறாம எழுதணும்."

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவர் பெற்றதில் இருக்கிற ஐந்து, தவிட்டான், காலையில் வாங்கிய பெண் குழந்தை. ஏழுதான் வந்தது. எட்டாவது பிள்ளை காங்கோவில் இருந்தான்.

"சொல்றேம்மா" என்றேன்.